11 வயதுப் பெண்ணுக்கு எந்தத் தமிழ்ப் புத்தகம்?

மதுரை திருநகரில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மகளுக்கு 11 வயது; ஆங்கில வழியில் 6-ஆம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறாள், ஆங்கிலக் கதைப் புத்தகங்களை ஓரிரு நாளில் முடித்துவிடுகிறாள். ஆனால் தமுக்கத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கிக்கொடுத்த எட்டுத் தமிழ்ப் புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் புரட்டியதோடு சரி, அதன் பிறகு தொடவே இல்லை. ஆகவே 8 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஏற்ற, நல்லொழுக்கத்தையும் கற்றுத்தருகிற நல்ல தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் ஒன்று வேண்டும் என்கிறார்.

கேட்டது பட்டியல்தான் என்றாலும், எட்டுப் புத்தகம் வாங்கி ஏமாந்த ஒருவருக்கு ஒன்பதாவதன் பெயரைச் சொல்வதால் பெரிய பயன் இருக்காது என்று நினைக்கிறேன். கடையில் நின்றுகொண்டு கையில் எடுக்கும் ஒரு புத்தகம் தம் பிள்ளைக்குப் பிடிபடுமா, படாதா என்பதை அங்கேயே எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் இந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன். இடையில் சில பெயர்களும் வரும். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கிளை நூலகங்களில் 27 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக்கொடுத்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன். எழுத்தாளனாகவோ ஆசிரியனாகவோ இருந்ததில்லை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. உங்கள் மகளுக்குப் படிக்கும் ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கதையின் போக்கைப் பிடித்துக்கொள்வது, சொல்லாமல் விட்டதை ஊகிப்பது, பாத்திரத்தின் மனநிலையை உணர்வது ஆகிய திறன்கள் ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்ற மொழிக்கும் கூடவே வரும். ஆனால் எழுத்தைக் கண்டவுடன் சொல்லாகப் பிடிக்கும் வேகம் அப்படி வராது. ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், பெரியதும் சிறியதுமாக 52 வடிவங்கள். தமிழில் 247 எழுத்துகள். அவற்றைக் கற்றுக்கொள்வது கடினமன்று, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஓர் ஆண்டில் வந்துவிடும். எழுத்துக்கூட்டாமல் ஒரே பார்வையில் சொல்லை அள்ளிக்கொள்ளும் பழக்கம்தான் ஏராளமான பக்கங்களைப் பார்த்தால் மட்டுமே வரும். ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் கண்ணில் ஒரு நாளைக்குப் படும் தமிழ்ப் பக்கம் பாடநூலின் ஒன்றோ இரண்டோதான். எனவே அவள் மனம் 11 வயதில் இருக்கிறது, காதும் அப்படியே. தமிழ் எழுத்தைப் பார்க்கும் கண் மட்டும் ஏழெட்டு வயதில் நின்றுவிட்டது.

சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது. கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பார்த்தால், பெரிய எழுத்தில் அச்சிட்ட குரங்குக் குட்டிக் கதைதான் கிடைக்கிறது. இவள் அதைப் பார்த்துத் ‘தம்பிக்கு வாங்கினதா?’ என்று கேட்பாள். மனத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று பார்த்தால், அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வாக்கியமும் நான்கு வரி ஓடுகிறது. அட்டையில் ‘8–12 வயதினருக்கு’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் கதையின் பொருளை வைத்துத்தானே ஒழிய, மொழியை வைத்து அன்று. ஆகவே நீங்கள் தேட வேண்டியது, பொருளில் பெரியதாகவும் மொழியில் இலேசாகவும் இருக்கும் புத்தகங்களை. அவை தமிழில் குறைவுதான், ஆனாலும் இருக்கின்றன.

இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்கவில்லை, அழுக்கிலிருந்து கற்றுக்கொண்டேன். நூலகப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதித்தாளைப் பார்த்தால் அது எத்தனை முறை இரவல் போனது என்பது தெரியும்; எவ்வளவு தூரம் படிக்கப்பட்டது என்பது தெரியாது. புத்தகத்தை மூடி ஓரத்தைப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். பிள்ளைகள் முறுக்குத் தின்ற கையோடும் விளையாடிய கையோடும் புரட்டுவதால், படித்த பக்கங்களின் ஓரம் கறுத்துப்போயிருக்கும். அழகான அட்டையும் பரிசு பெற்ற பெருமையும் உள்ள சில புத்தகங்கள் முப்பது முறை இரவல் போயிருக்கும். ஆனால் கறுப்பு பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்று, மீதி அச்சகத்திலிருந்து வந்த வெள்ளையாகவே இருக்கும். அட்டை கிழிந்து, தைத்து, மறுபடியும் கிழிந்த வேறு சில புத்தகங்கள் கடைசிப் பக்கம் வரை ஒரே கறுப்பாக இருக்கும். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இந்த இரண்டு வகையிலும் பத்துப் பத்தாக எடுத்து மேசையில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படித்துப் பார்த்தேன். கதைக்களம், வயது, படங்களின் எண்ணிக்கை இவை எதிலும் தெளிவான வேறுபாடு இல்லை. வேறுபாடு வாக்கியத்தில் இருந்தது. இருபது புத்தகத்தை வைத்து ஓர் ஆள் செய்த சோதனையை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கைவேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகவே கடையில் நீங்கள் செய்ய வேண்டியது இது. முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். எழுதியவரும் பதிப்பாளரும் அதிகம் மெருகேற்றுவது அதைத்தான். நடுவில் எங்காவது பிரித்து, ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்கே மூச்சு முட்டும் இடத்தில் உங்கள் மகளுக்குக் கதையே அறுந்துபோகும். தமிழில் வினை கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் யார் என்ன செய்தார் என்பது தெரிவதற்கு முன்பே எழுவாயைக் கண் மறந்துவிடுகிறது. சரளமாகப் படிப்பவருக்கு இது ஒரு சுமையே இல்லை, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு மலை. அடுத்து, சொற்களைப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘ஓடிக்கொண்டிருந்தவனைப்பார்த்துக்கேட்டான்’ என்று ஒரே மூச்சாக ஓட்டிவிட்ட புத்தகத்தையும், ‘ஓடிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கேட்டான்’ என்று பிரித்த புத்தகத்தையும் ஒரே பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், வேகம் இரண்டு மடங்கு மாறும். சந்தி இலக்கணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒற்றெழுத்தைப் போட்டுவிட்டு இடம் விட்டால் போதும்.

ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரு பக்கத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கினால், ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம் என்பார்கள். தமிழுக்கு இது அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. தமிழ்ப் பிள்ளை தடுமாறும் சொற்களில் பாதி அதற்கு நன்றாகத் தெரிந்த சொற்களே. எழுத்தில் பார்த்து அடையாளம் தெரியாமல் நிற்கிறது. ‘முற்றம்’ என்பதை எழுத்துக்கூட்டிவிட்டு, பிறகு ‘ஓ, முத்தமா!’ என்று சிரிக்கும். ஆகவே விரலை மடக்கும்போது, நீங்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகும் புரியாத சொல்லை மட்டும் கணக்கில் எடுங்கள். அப்படி மூன்று வந்தாலே புத்தகத்தை வைத்துவிடலாம். வாய்விட்டுச் சொன்னவுடன் புரிந்துவிடுகிற சொற்கள் எத்தனை இருந்தாலும் கவலை இல்லை, அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

உரையாடலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘அம்மா, நான் விளையாடச் செல்கிறேன், விரைவில் திரும்பிவிடுவேன்’ என்று மதுரையில் எந்தப் பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை. புத்தகத்தில் பிள்ளைகள் அப்படிப் பேசினால் படிக்கும் பிள்ளை சிரிக்கிறது அல்லது நம்ப மறுக்கிறது. அதற்காக முழுக்க வட்டார வழக்கில் எழுதிய புத்தகம் எளிதாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பாடநூல் எழுத்துக்குப் பழகிய கண்ணுக்குப் ‘போயிருச்சு’, ‘வந்துக்கிட்டிருந்தாக’ என்பவை புதிய உருவங்கள். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ பிள்ளைகளுக்கான அருமையான குறுநாவல். கரிசல் காட்டின் பறவைகளும் வேட்டையும் அதில் இருக்கின்றன. அதைப் பிள்ளையிடம் கொடுத்தபோது பாதியில் திரும்பி வந்தது, நான் வாசித்துக் காட்டியபோது முடியும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. எடுத்துரைப்பு எளிய எழுத்துத் தமிழிலும் பேச்சு பேச்சுத் தமிழிலும் இருக்கும் புத்தகமே தானாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஏற்றது.

நல்லொழுக்கம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் கடைசியில் ‘நீதி’ என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும் புத்தகத்தைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். செல்லூரில் ஒரு பையன் கதையின் தொடக்கத்தைப் படித்துவிட்டுக் கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, அது என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவான். பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லிவிடுவான். இதனால் தீமை ஒன்றும் இல்லை, ஆனால் அவன் ஒன்றும் கற்கவும் இல்லை. பொய் சொன்ன சிறுமி பயந்துகொண்டே ஓர் இரவைக் கழிப்பதை நான்கு பக்கத்துக்கு எழுதிய புத்தகம், ‘பொய் சொல்லக் கூடாது’ என்று அச்சிட்ட புத்தகத்தைவிட அவளோடு அதிக நாள் இருக்கும். வாங்கும்போது நீதி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கதையில் யாராவது உண்மையாகவே ஒரு தவறு செய்கிறார்களா, அதன் விளைவைத் தாங்களே அனுபவிக்கிறார்களா என்று பாருங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் தெனாலிராமன், விக்கிரமாதித்தன், பஞ்சதந்திரம், மரியாதைராமன் கதைகள். கதைகள் பொன்னானவை; கிடைக்கும் பதிப்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு புத்தகத்தின் உரிமைப் பக்கத்தைப் பிரித்தால் எழுதியவர் பெயரும் படம் வரைந்தவர் பெயரும் பதிப்பு ஆண்டும் இருக்க வேண்டும். மூன்றுமே இல்லை என்றால், யாரோ எங்கிருந்தோ தொகுத்து, மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் ஒற்றுப்பிழை மலிந்திருக்கும். அதைவிடக் கெடுதல், கறுப்பாக இருப்பவன் அரக்கன், குண்டாக இருப்பவன் முட்டாள், மனைவி என்றால் சண்டைக்காரி என்ற பழைய கேலிகளை யோசனையே இல்லாமல் திரும்பத் திரும்ப அச்சிடுவது. நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு என்று இருந்தால் நீங்கள் முதலில் முழுக்கப் படித்துவிடுவது நல்லது. நம் நாட்டார் கதைகளில் பாதி, பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் சொல்லிச் சிரித்தவை.

பெயர்களைச் சொல்கிறேன். இவை நான் பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ கொடுத்துப் பார்த்தவை. ஜப்பானின் தெத்சுகோ குரோயாநாகி 1981-இல் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’ தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய ஒரு பள்ளியின் கதை. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களே. ஒவ்வொன்றும் தனியாகவும் நிற்கும், சேர்த்தும் படிக்கலாம். பள்ளியை விட்டு நீக்கப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றியது என்பதால் பொருளில் குழந்தைத்தனம் இல்லை. போரில் பள்ளி எரிந்துபோவது கடைசியில் வரும். அந்த இடத்தில் அருகில் இருங்கள். உங்கள் மகளைப் போன்றவருக்கு நான் முதலில் நீட்டும் புத்தகம் இது.

இரண்டாவது, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. 2023-இல் சாகித்திய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது, கீழடியைக் களமாகக் கொண்டது. திருநகரில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாதி படித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தேறிக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. புத்தகத்தில் படித்த பெயரை ஓட்டில் கண்ட பிள்ளை மீதியை முடிக்காமல் விடாது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் நான் அழைத்துச் சென்ற மூவரில் மூவரும் முடித்தார்கள். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ உங்கள் மகளின் வயதுக்கு முக்கியமானது. தவறான தொடுதலைப் பற்றி ஒரு பொம்மையின் வழியாகப் பேசுகிறது. அதைக் கடையிலிருந்து நேராக அவள் கையில் கொடுக்காமல், முதலில் நீங்கள் படித்துவிட்டு, அவள் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயாராகிவிட்டுக் கொடுங்கள்.

எல்லாப் பிள்ளையும் கதைப் பிள்ளை இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. நூலகத்துக்கு வரும் பத்துப் பேரில் மூவர் நான்கு பேராவது ‘நெசமா நடந்ததா?’ என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார்கள். அவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ போன்ற இதழ் நாவலைவிடப் பயன்படும். இரண்டு பக்கக் கட்டுரையை ஒரே இருப்பில் முடித்துவிடலாம், பிடிக்காததைத் தாண்டலாம். பறவைகள், பூச்சிகள், கிரிக்கெட், விண்வெளி எதுவானாலும் சரி. தனக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளைப் பற்றிப் படிக்கும்போது பாதிச் சொற்களை ஊகித்துவிடுவதால் கண்ணின் வேகம் கூடுகிறது. சந்தப் பாடல்களுக்கும் இந்தக் குணம் உண்டு. எதுகை அடுத்த சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்களை நான் அதற்காகவே கொடுத்தேன். 11 வயதில் அதைக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பாள், வேண்டாம்.

படக்கதைகளைப் பற்றி என் கருத்து இரண்டுபட்டது. சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறையையே படிக்கவைத்தன. நானும் இரும்புக்கை மாயாவியால் எழுத்துக்கூட்டுவதை விட்டவன்தான். பேச்சுக் குமிழுக்குள் வாக்கியம் நீள முடியாது, படம் பாதி பொருளைச் சொல்லிவிடும், கதையோ குழந்தைத்தனமானதன்று. நான் மேலே சொன்ன இடைவெளிக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. ஆனால் படக்கதையிலிருந்து பிள்ளைகள் தாமாகவே நாவலுக்கு ஏறிவிடுவார்களா என்றால், ஏறியவர்களையும் பார்த்திருக்கிறேன், நாற்பது வயதிலும் படக்கதையே படிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: இன்று வரும் இதழ்களில் பல, அன்று சிறுவர்களாக இருந்து இன்று நரைத்துவிட்ட வாசகர்களை மனத்தில் வைத்து வருபவை. உள்ளே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தாத்தா வீட்டுப் பரணிலிருந்தோ பழைய புத்தகக் கடையிலிருந்தோ அம்புலிமாமாத் தொகுப்பைக் கொண்டுவந்து கொடுக்கும் பெற்றோர் பலர். ஒரு சிறிய எச்சரிக்கை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணா, றா, னா ஆகியவையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் பழைய வடிவத்தில், கொம்பும் சுழியுமாக இருக்கும். நமக்கு அது ஒரு பொருட்டில்லை. இப்போதைய பிள்ளை அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை. ‘யானை’யில் வரும் தும்பிக்கை வடிவத்தைக் கண்டு, இது தமிழா என்று என்னிடம் கேட்ட பிள்ளை உண்டு. சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு புதிர் விளையாட்டு, தடுமாறும் பிள்ளைக்கு இன்னொரு காரணம் கிடைத்ததாக ஆகும்.

‘பொன்னியின் செல்வன் கொடுக்கலாமா?’ என்று கேட்காத பெற்றோரே இல்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒருமுறை கொடுத்தேன். 10 வயதில் படபடவென்று படிக்கும் ஒரு பையன். என் பெருமைக்காக, நான் அந்த வயதில் படித்ததை அவனும் படிக்க வேண்டும் என்ற ஆசைக்காக, முதல் பாகத்தைக் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரத்தில் அவன் அம்மா வந்து திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு ஐந்தாறு மாதம் அவன் நூலகத்துக்கே வரவில்லை. மொழி அவனுக்குக் கடினமாக இல்லை. அவ்வளவு பெயர்களையும் உறவுகளையும் ஐந்து பாகத்துக்குத் தாங்கும் பொறுமைக்கு இன்னும் மூன்று ஆண்டு தேவைப்பட்டது. அந்த வயதில் முடித்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கவனத்தில் பட்டது.

இங்கேதான் யார் தேர்ந்தெடுப்பது என்ற விஷயம் வருகிறது. எட்டுப் புத்தகங்களையும் நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கினீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. அடுத்த முறை நீங்கள் மேலே சொன்னபடி பக்கத்தைப் படித்துப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அதிலிருந்து இரண்டை அவள் எடுக்கட்டும், பணத்தையும் அவளே கொடுக்கட்டும். அதற்கு வெளியே ஒன்றைக் கேட்டு அடம் பிடித்தால் அதையும் வாங்கிக் கொடுங்கள், அட்டை பளபளப்பாக இருக்கிறது என்பது மட்டுமே காரணமாக இருந்தாலும். தான் ஏமாந்த புத்தகத்திலிருந்தும் பிள்ளை தேர்வைக் கற்றுக்கொள்கிறது.

வாங்குவதற்கு முன் இரவல் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரூபாய்க்குப் பத்துப் பைசா. கட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் தவறில்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் அவளை அங்கே விட்டுவிட்டு, எந்த அலமாரியின் முன் அதிக நேரம் நிற்கிறாள் என்று தூரத்திலிருந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் எடுத்து வைத்துவிட்ட புத்தகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு தகவல். வீட்டுக்குக் கொண்டுபோக சிம்மக்கல் மைய நூலகமோ உங்கள் பகுதிக் கிளை நூலகமோ போதும். கைப்பேசியில்தான் படிப்பேன் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. நான்கு படிநிலைகளாகப் பிரித்திருப்பதில் நான்காவதைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு நூல்களும் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலையாகப் பிரிக்கப்பட்டவை. பக்கத்து வீட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் ‘ஓடு’ வரிசையில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் காட்டுங்கள்; 6-ஆம் வகுப்புப் பிள்ளை ‘நட’வில் இருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்கிய பிறகு முதல் இரண்டு மாதத்துக்கு அவளைத் தனியாகப் படிக்கச் சொல்லாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்து, கதை முடிச்சில் நிற்கும் இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். பாத்திரங்களின் பெயர்களும் கதையின் நடையும் காதுக்குப் பழகிவிட்டதால், அடுத்த பக்கத்தைக் கண்ணால் படிப்பது பாதி எளிதாகிவிடுகிறது. 11 வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதா என்று உங்கள் வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஆங்கிலப் புத்தகங்களை மட்டும் பறிமுதல் செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்த வீடுகளில் தமிழ்ப் புத்தகம் தண்டனையாக மாறியதைத்தான் பார்த்தேன்.

என் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கிறாள் என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இது பழக்கக் குறைவு என்ற முடிவுக்கு வந்தேன். இரண்டு மொழியிலுமே எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிக்கிறாள், வரியை விட்டுவிடுகிறாள், படித்தவுடன் தலைவலி என்கிறாள் என்றால் அது புத்தகத் தேர்வால் தீராது. கண் மருத்துவரிடமும், தேவைப்பட்டால் கற்றல் குறைபாட்டை அறிந்த உளவியலாளரிடமும் காட்டுங்கள். நூலகர் சொல்லும் யோசனைகளுக்கு அங்கே இடமில்லை.

அந்த எட்டுப் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடவோ தெரிந்தவர் வீட்டுக்குக் கொடுத்துவிடவோ வேண்டாம். ஒவ்வொன்றிலும் நடுப்பக்கத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டாத இரண்டோ மூன்றோ அதில் கட்டாயம் இருக்கும். அவற்றை மட்டும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, மற்றவற்றைப் பீரோவில் மேல்தட்டில் வைத்து மூடுங்கள். அவள் ஆங்கிலத்தில் விரும்பிப் படிப்பது பள்ளிக்கூடக் கதைகளா, பேய்க்கதைகளா, துப்பறிவதா என்பதையும் இந்த எட்டின் பெயர்களையும் எழுதினால், அதே வகையில் தமிழில் எதை முதலில் தேடலாம் என்று சொல்ல முடியும்.